பி பார்ட்டியில் நாலாவது பெயர்

"தை. வெள்ளி. அப்பா கோர்ட், காலை. நான் லீவு. திரும்பியது மாலை பஸ். அப்பா சாப்பிடவில்லை."

ஓர் அரிசி மில் கொடுத்த தினசரி நாட்காட்டித் தாளின் பின்புறம் பென்சிலால் நான் எழுதி வைத்தது இது. ஆற்றில் தண்ணீர் வந்த நாள், நாற்று விட்ட நாள், பக்கத்து வீட்டு மாடு கன்று போட்ட நாள் என்று எதையும் தேதியோடு குறித்து வைப்பது என் பழக்கம். அந்தத் தாள்களில் தேதி இல்லாமல் போனது இது ஒன்றுதான். மேல் பாதி கிழிந்துவிட்டது. புது ஆட்சி வந்த பின் வந்த இரண்டாவது தை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். மூன்றாவது தையாக இருக்கவும் இடமிருக்கிறது. ஒரத்தநாட்டில் கூட்டுறவு வங்கியில் நான் எழுத்தராகச் சேர்ந்துவிட்டேன் என்பது மட்டும் 'லீவு' என்ற சொல்லிலிருந்து நிச்சயமாகிறது.

ஊரில் பாதி நிலம் ஒருவருடையது. அவரை எல்லோரும் பெரிய பண்ணை என்பார்கள். மீதி நிலம் எங்களைப்போலச் சிறிது சிறிதாக வைத்திருந்தவர்களுடையது. எங்களுக்கு வாய்க்காலை ஒட்டி மூன்று ஏக்கர். வாய்க்காலுக்குத் தெற்கே இருந்த தெருவுக்கு நிலமே கிடையாது. சம்பா அறுவடையில் களத்தில் அளந்து கொடுக்கும் கூலி நெல்தான் அவர்களுக்கு ஆண்டு முழுவதற்கும் சோறு. அந்த நெல் வீட்டுக்கு வராவிட்டால் சித்திரைக்குள் பானை காலியாகிவிடும்.

தெற்குத் தெருவுக்கென்று ஒரு முறை இருந்தது. அறுவடைக்கு முந்தைய நாள் அவர்களில் ஒருவர் பண்ணையின் காரியக்காரரோடு வரப்பில் நடந்து கூலியைப் பேசி முடிப்பார். மறுநாள் விடிந்ததும் அவரே வயலில் இறங்கி முதல் அரிவாள் வைப்பார். அதன் பிறகுதான் தெரு இறங்கும். அவர் அரிவாள் வைக்காத வயலில் ஆணும் பெண்ணும் ஒருவர்கூடக் கால் வைக்க மாட்டார்கள். நான் சொல்லும் காலத்தில் அந்த ஆள் செங்கொடிச் சங்கத்துக்காரராகவும் இருந்தார். அப்பா வயதுதான். மெலிந்த உடம்பு, உரத்த குரல். தெருவில் பண்ணையை 'ஆண்டே' என்று கூப்பிடுவதை நிறுத்தி, 'ஐயா' என்று முதலில் கூப்பிட்டவர் அவர்தான்.

அந்தத் தையில் தெரு இரண்டு கேட்டது. அறுவடை உள்ளூர் ஆளுக்கே வேண்டும். கூலி அளக்கும் மரக்காலைத் தலைதட்டாமல் குவித்து அளக்க வேண்டும். பண்ணை பதில் சொல்லவில்லை. பொங்கல் கழிந்த சில நாளில் சங்கத்துக்காரர் மீதும் அவர் தெருவில் இன்னும் மூன்று பேர் மீதும் நூற்றேழாவது பிரிவில் வழக்கு என்று ஏட்டு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் எதுவும் செய்திருக்கவில்லை. செய்ததாகப் போலீஸும் சொல்லவில்லை. பின்னாளில் சட்டப் புத்தகத்தைத் தேடிப் படித்தபோது தெரிந்தது, அந்தப் பிரிவுக்கு எதுவும் நடந்திருக்க வேண்டியதே இல்லை என்று. அமைதிக்குப் பங்கம் வரக்கூடும் என்று ஓர் அதிகாரிக்குத் தோன்றினால் போதும். சம்பந்தப்பட்டவர் அமைதி காப்பேன் என்று முச்சலிக்கா எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஆளுக்கு இரண்டு ஜாமீன்தார்கள். ஜாமீன்தார் பெயரில் சொத்து இருக்க வேண்டும். ஜாமீன் இல்லையென்றால் விசாரணை முடியும்வரை சிறை.

நிலம் இல்லாத தெருவில் ஒருவருக்கு ஒருவர் ஜாமீன் போட முடியாது. நிலம் உள்ளவர்களிடம் கூலி கேட்டதற்காக வந்த வழக்கில், நிலம் உள்ளவர்களிடமே போய்க் கையெழுத்துக் கேட்க வேண்டும். இதை யார் யோசித்து எழுதினார்கள், அல்லது யோசிக்காமலே இப்படி வந்து விழுந்ததா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சங்கத்துக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா ஆளுங்கட்சியின் கிளையில் இருந்தவர். கறுப்பும் சிவப்பும் கரை போட்ட துண்டை விசேஷ நாளில் மட்டும் தோளில் போடுவார். அக்கட்சி எதிர்க்கட்சியாக இருந்த காலத்தில் பொதுக்கூட்டங்களுக்குச் சைக்கிளிலேயே போய் வந்தவர். தடை உத்தரவுகளையும் முன்கூட்டியே கைது செய்யும் சட்டங்களையும் பேச்சாளர்கள் கிழித்தெறிந்ததை எங்களுக்கு அப்படியே பேசிக் காட்டுவார்.

வாசலில் நின்றபடியே சங்கத்துக்காரர் சொன்னார்: "ஐயா, உங்க ஆளுவ ஆட்சி. உங்க ஆளுவளும் இதே செக்சன்ல உள்ள போயிருக்காங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. இப்ப அது எப்புடிங்க நம்மமேல பாயுது?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மேல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுப்பா. கீழ இருக்கற அதிகாரி எல்லாம் பழைய ஆளு."

"சரிங்க. மேல தெரியிறவரைக்கும் நான் உள்ள இருக்கவா? அதுக்குள்ள கருது முத்திப்புடுமே."

"என்ன பண்ணணும்கற?"

"எனக்கு மட்டுமாச்சும் ரெண்டு ஜாமீன் வேணும். ஒண்ணு பட்டுக்கோட்டைத் தேங்கா மண்டி பாய் போடறேன்னுட்டாரு. அவரு பேருல வீடு இருக்கு. இன்னொண்ணு நீங்க போட்டா, அறுப்புக்கு நான் வெளிய இருப்பேன். நான் இருந்தா தெரு இறங்கும். அவ்வளவுதாங்க."

விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் அப்பா. சங்கத்துக்காரர் அமைதியைக் கெடுத்தார் என்று முடிவானால் எங்கள் நிலத்தில் கை வைப்பார்கள். எதைச் செய்தால் அமைதி கெடும் என்று யாரும் சொல்லவில்லை. அதைக் கேட்டு வரும் வேலை எனக்கு வந்தது. படித்தவன், தேதி மறக்காதவன் என்பதால்.

மறுநாள் திங்கட்கிழமை காலை, வங்கிக்குப் போகும் வழியில் கடைத்தெரு டீக்கடையில் ஏட்டைப் பிடித்தேன். நல்ல மனிதர்தான். டீயை ஆற்றிக்கொண்டே பேசினார்.

"அமைதியா இருக்கணும் தம்பி. அவ்வளவுதான் சட்டம்."

"கூலி அதிகமாக் கேக்கலாமா?"

"தாராளமாக் கேக்கலாம். சனநாயக நாடு."

"நாலு பேராப் போயிக் கேக்கலாமா?"

"கூட்டமாப் போவக் கூடாது."

"தனியாக் கேட்டா?"

"தனியாக் கேட்டா யாருய்யா குடுப்பான்?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேரு எழுதிக் குடுத்தா ஆளைப் புடிச்சு உள்ள வைக்கிறேன். எழுதிக் குடுத்ததுல என்ன இருக்குன்னு எனக்கும் புரியல" என்றார். அவர் யாரைச் சொன்னார், யார் எழுதிக் கொடுத்தது என்று நான் கேட்பதற்குள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அதே டீக்கடையில் அப்பா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "நான் போடறேன்யா கையெழுத்து. நம்ம ஆட்சியில ஒருத்தன் கூலி கேட்டான்னு உள்ள போறதா?" கிராமக் கணக்குப்பிள்ளை அங்கே இருந்தார். பண்ணையின் காரியக்காரர் இருந்தார். ஏட்டு இருந்ததாக ஒருவர் சொல்கிறார், இல்லை என்று இன்னொருவர் சொல்கிறார். நான் அங்கே இல்லை.

அடுத்த நாள் அப்பா கணக்குப்பிள்ளையிடம் போய்ச் சொத்துச் சான்று கேட்டார். அவர் கொஞ்சம் இழுத்தடித்துவிட்டு எழுதிக் கொடுத்தார். கிஸ்தி ரசீது, பட்டா, சான்று எல்லாம் மஞ்சப்பைக்குள் போயின. அதற்குப் பிறகு வயல் வேலையாக இருந்த அப்பாவிடம் ஒரு போலீஸ்காரர் வரப்பிலேயே ஒரு தாளை நீட்டி, "வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்கு வரணும், கையெழுத்துப் போடுங்க" என்றிருக்கிறார். தாள் இங்கிலீஷில் இருந்தது. ஜாமீன் கொடுப்பவரைக் கோர்ட்டே மரியாதையாகக் கூப்பிடுகிறது என்று அப்பா நினைத்துக்கொண்டார். சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தாளைப் போலீஸ்காரர் மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா கரை போட்ட துண்டைப் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் மூவரும் ஒன்றாகவே போனோம்: அப்பா, சங்கத்துக்காரர், நான். அவருடைய தெருவைச் சேர்ந்த மற்ற மூவர் பின் சீட்டில். "அய்யா மாப்பிள்ள மாதிரி வர்றாரு" என்று அவர்களில் ஒருவர் சொன்னது கேட்டது. அப்பாவுக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

கோர்ட் என்பது உண்மையில் ஓர் அலுவலகம். மேஜைக்குப் பின்னால் நீதிபதியின் இடத்தில் வருவாய்த்துறை அதிகாரி உட்கார்ந்திருந்தார். பாய் எங்களுக்கு முன்பே வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். வெள்ளைக் கைலி, வீட்டுப் பத்திரம் வைத்த தோல் பை. "அண்ணே, வந்துட்டீங்களா. நாம ரெண்டு பேரும் போட்டா முடிஞ்சுது. மதியம் மண்டிக்குத் திரும்பிடலாம்" என்றார் அப்பாவிடம். சங்கத்துக்காரரைப் பார்த்து, "நீ வெளிய வந்ததும் வாயை மூடிக்கிட்டு இரு, என் வீடு போயிடும்" என்றார். "வாயை மூடத்தான் பாய் கூப்பிட்டிருக்காங்க" என்றார் அவர்.

சற்று நேரத்தில் ஒரு காரில் பெரிய பண்ணையும் இன்னும் இரண்டு நிலக்காரர்களும் வந்து இறங்கினார்கள். வழக்கு கூலி கேட்டவர்கள் மேல்தானே, இவர்கள் எதற்கு வந்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பாய்தான் சொன்னார்: இந்தப் பிரிவில் போலீஸ் எப்போதும் இரண்டு பக்கமும் பெயர் கொடுக்கும். ஒரு பக்கம் ஏ பார்ட்டி, எதிர்ப்பக்கம் பி பார்ட்டி. நடுநிலை என்று காட்ட அப்படி. "ரெண்டு பக்கமும் எண்ணிக்கை சரியா இருந்தா பாக்க அழகா இருக்கும்ல" என்றார்.

டவாலி பெயர் கூப்பிட ஆரம்பித்தார். ஏ பார்ட்டியில் சங்கத்துக்காரரும் மற்ற மூவரும். நால்வரும் போய் இடப்பக்கம் நின்றார்கள். பி பார்ட்டியில் முதல் பெயர் பெரிய பண்ணை. இரண்டாவது, மூன்றாவது, அந்த நிலக்காரர்கள். நாலாவதாக அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்.

"வந்தேங்க" என்று அப்பா மஞ்சப்பையோடு எழுந்தார். நேராகப் போய்ச் சங்கத்துக்காரர் பக்கத்தில் நின்றார்.

"அந்தப் பக்கம்" என்றார் குமாஸ்தா.

"நான் ஜாமீன் குடுக்க வந்திருக்கேங்க. இவருக்கு."

"நீங்க பி பார்ட்டி. நாலாவது ஆள். அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

அப்பா சிரித்தார். தப்பாக எழுதியிருக்கிறார்கள், திருத்திவிடுவார்கள் என்ற சிரிப்பு. பிறகு மேஜையைப் பார்த்தார், பண்ணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. குமாஸ்தா வேகமாகப் படித்தார். வாய்க்காலை ஒட்டிய நிலங்களின் உரிமையாளர்கள் என்ற முறையில் மேற்படி பி பார்ட்டியினர் ஏ பார்ட்டியினரோடு கைகலப்பில் ஈடுபட்டு அமைதியைக் கெடுக்கக்கூடும் என்று நம்பக் காரணம் இருக்கிறது. அப்பாவின் பெயரும் தகப்பனார் பெயரும் வயதும் அதில் சரியாக இருந்தன. வரப்பில் அப்பா கையெழுத்துப் போட்ட தாளும், சம்மன் என்ற பெயரில், கோப்பில் இருந்தது.

வழக்கில் ஒரு பக்கமாக இருப்பவர் மறுபக்கத்துக்கு ஜாமீன் நிற்க முடியாது. அவருக்கே இப்போது ஜாமீன் வேண்டும். இதை அதிகாரி பொறுமையாகவே சொன்னார். "உங்களுக்கு ரெண்டு பேர் இருக்காங்களா?" என்று கேட்டார்.

எங்களுக்கு யாரும் இல்லை. பாய், "நான் வேணா அண்ணனுக்குப் போடட்டுமா?" என்று முன்னால் வந்தார். ஒரே ஆள் இரண்டு பார்ட்டிக்கும் நிற்க முடியாது; அப்படிப் போட்டால் சங்கத்துக்காரருக்கு அந்த ஒரு ஜாமீனும் இல்லாமல் போகும். அப்பாவுக்கும் இன்னொரு ஆள் கிடைக்காவிட்டால் இருவருமே உள்ளே. பாய் தோல் பையைத் திறந்து மூடினார். "யாராச்சும் ஒருத்தர், சொத்து உள்ளவங்க" என்று வராந்தாவில் நின்றவர்களிடம் போய்க் கேட்டார். தெரியாதவர்களிடமும் கேட்டார்.

அப்போது பெரிய பண்ணை மெதுவாகச் சொன்னார்: "இவருக்கு எதுக்குங்க அலைச்சல். எனக்குப் போடற ரெண்டு பேருமே இவருக்கும் போடட்டும். நம்ம பார்ட்டிதானே." அவருடைய ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

அப்பா முடியாது என்று தலையாட்டினார். "நான் உள்ளயே போறேன்" என்றார். அது யாருக்கும் கேட்கவில்லை, அவ்வளவு மெல்லச் சொன்னார். சங்கத்துக்காரருக்கு மட்டும் கேட்டிருக்கிறது.

"போடச் சொல்லுங்கய்யா" என்றார் அவர் இடப்பக்கத்திலிருந்து. "நீங்க உள்ள வந்து என்ன பண்ணப் போறீங்க? பி பார்ட்டிய வேற ரூம்புல வைப்பாங்க. பேச்சுத் துணைக்குக்கூட ஆவாது."

போலீஸ்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். அதிகாரி நிமிர்ந்து பார்த்ததும் அடங்கினார்.

பண்ணையின் ஜாமீனில் அப்பா வெளியே வந்தார். இரண்டாவது ஜாமீன் இல்லாமல் சங்கத்துக்காரர் கிளைச் சிறைக்குப் போனார், கூட இருந்த மூவரும் போனார்கள். வேன் கிளம்பும்போது பாய் ஒரு சீப்பு வாழைப்பழத்தை ஜன்னல் வழியாகத் திணித்தார். அப்பா அருகே போகவில்லை. திரும்பும் பஸ்ஸில் அந்தத் துண்டை மடித்து மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டார். கட்சியின் மாவட்ட ஆளுக்கு எழுத வேண்டும் என்று ஒருமுறை சொன்னார். பிறகு, என்ன என்று எழுதுவது என்றார்.

பண்ணையில் கதிர் முற்றியதும் காரியக்காரர் தெற்குத் தெருவுக்குப் போய்ப் பழைய கூலிக்கு அறுக்க வரச் சொன்னார். சிலருக்கு வர ஆசை இருந்தது. ஆனால் முதல் அரிவாள் வைக்க ஆள் இல்லை. வேறொருவரை வைக்கச் சொன்னால் என்ன என்று அன்று எனக்குத் தோன்றியது. நான் போய்க் கேட்டபோது ஒரு பெண் சொன்னாள்: "அவுங்க உள்ள இருக்கையில வேற ஆளு வச்சா, அவுங்கள உள்ள வச்சது சரின்னு ஆயிடாதா தம்பி?" மறுநாள் வெளியூர் ஆட்கள் லாரியில் வந்தார்கள். வாய்க்கால் கரையில் போலீஸ் நின்றது. அவர்கள் கூட்டமாகத்தான் வந்தார்கள், கூட்டமாகத்தான் அறுத்தார்கள். தெருவுக்கு அந்தச் சம்பாவில் நெல் வரவில்லை.

எங்கள் நாற்று பிந்தியது, அதனால் கதிரும் பிந்தியது. அந்த லாரி ஆட்களைக் கொண்டே எங்கள் வயலையும் அறுத்துத் தருவதாகப் பண்ணையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அப்பா வேண்டாம் என்றார். கதிர் முற்றி, தலை சாய்ந்து, மணி உதிர ஆரம்பித்தது. கிளிகள் வந்தன. அம்மா தினமும் கத்தினார். "யாருக்காக நிக்குது இந்த நெல்லு? நீங்கதான் அவங்க பார்ட்டின்னு எழுதிட்டாங்களே, இன்னும் என்ன வீம்பு?" அப்பா வரப்பில் போய் நின்று பார்த்துவிட்டு வருவார். அது வீம்புதானா என்பதும் எனக்குத் தெரியாது. தெற்குத் தெருவில் பாதிப் பேர், அப்பா முதலிலிருந்தே பண்ணையோடுதான் இருந்தார், ஜாமீன் பேச்சு நாடகம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மாசியில், சுற்று வட்டாரத்தில் அறுவடை முடிந்த கையோடு, வழக்கைக் கைவிட்டார்கள். இனி அமைதிக்குப் பங்கம் வரும் என்று கருதக் காரணமில்லை என்பதாக அந்த உத்தரவு இருந்ததாம். விசாரணை ஒருநாள்கூட நடக்கவில்லை. ஏ பார்ட்டி, பி பார்ட்டி இரண்டுமே இல்லாமல் போயின.

வெளியே வந்த மறுநாள் காலை சங்கத்துக்காரர் அரிவாளோடு நேராக எங்கள் வயலுக்கு வந்தார். தெருவிலிருந்து பத்துப் பதினைந்து பேர் கரையில் நின்றார்கள். இறங்கவில்லை. அவர் ஒரு கதிரைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். பாதி மணி உள்ளங்கையில் விழுந்தது.

"இம்புட்டு நாளு வுட்டுட்டீங்களே" என்றார்.

"நீ வரணும்ல" என்றார் அப்பா.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். உள்ள இருக்கையில இதேதான் யோசனை." அவர் அரிவாளை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. "நீங்க போடறேன்னு டீக்கடையில சொன்னது திங்கக்கிழமைதானே?"

"ஆமா. ஏன்?"

"லிஸ்ட்டு அதுக்கு முந்தியே மேல போயிட்டுதுன்னு ஏட்டு சொல்றாரு. நிலம் உள்ளவங்க பேரா நாலு பேரு வேணும்னு எடுத்து எழுதுனாங்களாம். ஆனா கணக்குப்பிள்ளை, அப்புடி இல்ல, நீங்க சர்டிபிகேட்டு வாங்கிட்டுப் போன பொறவுதான் நாலாவது பேரு ஏறிச்சுங்கறாரு."

பெயர் முன்பே ஏறியது என்றால், யாரும் எதுவும் நினைக்காமல் ஓர் எண்ணிக்கைக்காக அவரை எழுதியிருக்கிறார்கள். தெருவோ, அவர் தெரிந்தே அங்கே இருந்தார் என்று சொல்லும். பிறகு என்றால், அவர் கைகொடுக்க முன்வந்ததே சங்கத்துக்காரரை உள்ளே தள்ளியது.

"எது நெசமா இருந்தா உனக்கு நல்லதுப்பா?" என்று கேட்டார் அப்பா.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க. கரையில நிக்கிறாங்களே, அவுங்களுக்குத்தான் சொல்லணும்."

"எனக்குத் தெரியாதே."

"தெரியாதுன்னே சொல்லிடறேன்" என்றார் அவர். பிறகு குனிந்து முதல் அரிவாள் வைத்தார். கரையில் நின்றவர்களில் பாதிப் பேர் இறங்கினார்கள். மீதிப் பேர் திரும்பிப் போனார்கள். அன்று அப்பாவே மரக்காலைக் கையில் எடுத்து, குவித்து அளந்தார். குவித்து அளக்க நெல்தான் அதிகம் இல்லை.

ஓய்வு பெற்ற பின் அந்தக் கோப்பைப் பார்க்க இருமுறை முயன்றேன். அந்த வகைக் கோப்புகளைச் சில ஆண்டுகளுக்கு மேல் வைத்திருப்பதில்லை என்றார்கள். ஏட்டும் கணக்குப்பிள்ளையும் கடைசிவரை தாங்கள் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. இருவரில் யாருக்குப் பொய் சொல்லக் காரணம் இருந்தது என்று பலமுறை யோசித்துப் பார்த்தேன். இருவருக்குமே இருந்தது: பிறகு சேர்த்ததென்றால் பழி போலீஸ்மேல், முன்பே என்றால் நிலக்கணக்கு வைத்திருந்த கணக்குப்பிள்ளைமேல்.

போலீஸ் அறிக்கையின் பி பார்ட்டியில் அப்பாவின் பெயர் அந்தத் திங்கட்கிழமைக்கு முன்பு எழுதப்பட்டதா, பிறகு சேர்க்கப்பட்டதா என்பதை இதை எழுதும் நாள்வரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.